பால் பைத்தானுக்குப் பால் வேண்டாம், ஈரம்தான் வேண்டும்

மதுரைக்கு மேற்கே, மாடியில் நின்றால் நாகமலை தெரிகிற ஒரு வீட்டிலிருந்து ஓர் அம்மா நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். கடிதத்தில் இருப்பது இதுதான்.

கோயம்புத்தூரில் படிக்கும் மகன் பொங்கல் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பாம்புக் குட்டியையும் கொண்டுவந்தான். பால் பைத்தான் என்றான், விஷம் கிடையாது என்றான். விடுதியில் வைக்க முடியாததால், மாடி அறையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அதை வைத்துவிட்டு, இரை கொடுக்க அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டது. சித்திரைத் திருவிழா சமயத்தில் அதன் நிறம் மங்கியது, இரண்டு கண்ணும் பால் படர்ந்தது போலாகி, இரையை வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு தோல் துண்டு துண்டாக உரிந்தது. கழுத்திலும் வால் நுனியிலும் இன்னும் ஒட்டியிருக்கிறது. இடது கண் மட்டும் தெளியவில்லை. சாப்பிட்டு 18 நாள் ஆகிறது.

பயந்துபோய் அவர் கிண்ணத்தில் பால் வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் வயலில் பிடித்துத் தந்த எலியை உயிரோடு பெட்டிக்குள் விட்டு, ஓர் இரவு முழுக்க அப்படியே வைத்திருக்கிறார். தொங்கிக்கொண்டிருந்த தோலைப் பிடித்து இழுத்தும் பார்த்திருக்கிறார். “அது உடம்பை முறுக்குனதும் எனக்கே வலிச்ச மாதிரி இருந்துச்சு, விட்டுட்டேன்” என்று எழுதியிருக்கிறார். கண் போய்விட்டதா, வாயைத் திறந்து எதையாவது ஊட்டலாமா என்று கேட்கிறார். மாமியார் தோஷம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் நாகமலை அடிவாரத்தில் விட்டுவிடச் சொல்கிறார், கணவர் போலீஸ் வருமா என்று கவலைப்படுகிறார். இவர்களுக்கெல்லாம் என்ன பதில் சொல்வது என்பதும் அவர் கேள்வி.

அம்மா, உங்கள் பாம்பு பசியால் சாகப்போவதில்லை. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “பையன் சொன்னபடி அறுபது வாட் பல்பை ராவும் பகலும் எரியவிடுறேன்.” அடுத்த வரியில், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்கிறீர்கள். நீங்கள் எதையெதையோ காரணமாகத் தேடியிருக்கிறீர்கள். எனக்குக் காரணம் இந்த இரண்டு வரியில்தான் தெரிகிறது. மகன் பல்பு மாட்டியது தை மாதக் குளிருக்கு. அப்போது அது சரி. சித்திரை வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கடியில், அதே பல்பு பெட்டிக்குள் இருந்த கொஞ்ச ஈரத்தையும் குடித்துவிட்டது. பாம்பு வறண்டுபோயிருக்கிறது. தோல் துண்டு துண்டாக வந்ததற்கும் கண் தெளியாததற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எனவே இதைப் படித்து முடித்ததும் பல்பை அணைத்துவிட்டு, பெட்டியைக் கீழ்த்தளத்தில் வெயில் படாத அறைக்குக் கொண்டுவாருங்கள். இந்த வகைப் பாம்புக்குப் பெட்டியின் ஒரு பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருந்தால் போதும். மே மாதத்தில் கீழ்த்தள அறையே 30 டிகிரியைத் தொட்டுவிடும், நீங்கள் சூடு மூட்ட வேண்டியதே இல்லை. கூரைக்கடியில் மதியம் இரண்டு மணிக்கு 38, 40 என்று ஏறினால் பெட்டிக்குள் இருக்கும் பாம்பு தப்பிக்க வழியில்லாமல் செத்துப்போகும். இதுவரை நடக்காதது உங்கள் நல்ல நேரம்.

சட்டை உரிப்பது எப்படி நடக்கிறது

பாம்புக்கு இமை கிடையாது. கண்ணை மூடியபடி கண்ணாடி போன்ற ஒரு செதில் இருக்கும். உடம்பின் மேல்தோலோடு சேர்ந்து அந்தச் செதிலும் ஒவ்வொரு முறையும் உரியும். புதுத் தோல் அடியில் தயாரானதும் பழையதற்கும் புதியதற்கும் நடுவே ஒரு திரவம் ஊறும். உடம்பு மங்குவதும் கண் பால் நிறமாவதும் அந்தத் திரவத்தால்தான். சில நாளில் கண் தானே தெளிந்துவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று நாம் நினைக்கும் அந்தச் சமயத்திலிருந்து மேலும் சில நாள் கழித்துத்தான் சட்டை கழலும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வளரும் குட்டி என்பதால் ஏறத்தாழ மாதம் ஒருமுறை, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை இது வரும்.

ஈரம் சரியாக இருந்தால் இது பார்க்கவே அழகான காரியம். மூக்கை ஏதாவது சொரசொரப்பான இடத்தில் தேய்த்து, உதட்டோரம் முதலில் விடுவிக்கும். அப்புறம் ரவிக்கைக் கையை உள்பக்கம் வெளியே வருகிறபடி கழற்றுவோமே, அதுபோல முழுச் சட்டையும் தலைகீழாகப் புரண்டு வால் வரை ஒரே துண்டாக வந்துவிடும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தலைப்பகுதியில் மணி போல இரண்டு சின்னக் கண்ணாடிகள் தெரியும். அவை இரண்டும் இருக்கின்றனவா, வால் நுனி ஊசிபோல் முழுசாக வந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சட்டையைப் பணப்பெட்டியில் வைப்பதா, தூக்கிப் போடுவதா என்பது உங்கள் வீட்டு வழக்கம், எதுவானாலும் பார்த்துவிட்டு வையுங்கள்.

கண் மங்கியிருக்கும்போது பாம்புக்குச் சரியாகப் பார்வை தெரியாது. எது தொட்டாலும் பகை என்றுதான் எடுத்துக்கொள்ளும். சாது பாம்புகூட அப்போது சீறும், ஒளியும், பெரும்பாலும் இரையைத் தொடாது. அதனால் கண் மங்கியதைப் பார்த்த நாளிலிருந்து சட்டை கழலும் வரை இரை வைக்காமல் இருப்பதே நல்லது. தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம்.

ஒட்டியிருக்கும் தோலுக்கு

இனி இழுக்காதீர்கள் அம்மா. அடியில் இருக்கும் புதுத் தோல் முற்றாமல் இருந்தால் அதுவும் சேர்ந்து கிழியும், புண்ணாகும். நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம்.

வாய் அகன்ற சின்ன மண்சட்டி ஒன்று வாங்குங்கள். மானாமதுரை மண்பாண்டம் கிடைத்தால் நல்லது. விளிம்பில் பாம்பு நுழையும் அளவு ஒரு வாசல் உடைத்து, அந்த ஓரத்தைக் கையில் கீறாதபடி தேய்த்துவிடுங்கள். சட்டியை நன்றாகத் தண்ணீரில் ஊறவைத்து, அடியில் ஈரத் தென்னை நார்த்தூள் பரப்பி, அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். நார்த்தூளைக் கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, ஆனால் ஈரம் கையில் ஒட்ட வேண்டும். மண்சட்டி மெல்ல மெல்ல ஈரத்தை விடும், இருட்டாகவும் இருக்கும், சொரசொரப்பும் உண்டு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் குகையைவிட நம் ஊர் வெயிலுக்கு இதுதான் ஏற்றது என்பது என் எண்ணம். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வைத்தால், சாதாரண நாளில் 60 சதவீதம், சட்டை உரிக்கும் நாளில் 70 சதவீதம் என்று பார்த்துக்கொள்ளலாம். பெட்டி முழுவதும் சொதசொத என்று ஈரமாக வேண்டாம், வயிற்றுப் பக்கம் புண் வரும். காற்றுத் துளைகளையும் அடைக்கக் கூடாது.

இரண்டு நாள் அந்தச் சட்டிக்குள் கிடக்கட்டும். அப்படியும் தோல் விடாவிட்டால், சமையலுக்குப் புழங்காத ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பின் உடம்பு பாதி நனையும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். கையை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. 20 நிமிடம் அதில் விடுங்கள், நீங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்புறம் ஈரத் துண்டை மடித்து, அந்த மடிப்புக்குள் அதுவாக ஊர்ந்து போகவிடுங்கள். துண்டின் உரசலிலேயே தோல் கழன்று வந்துவிடும். வராவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னும் இரண்டு முறை செய்து பாருங்கள்.

வால் நுனியைத்தான் நான் அதிகம் கவனிக்கச் சொல்வேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் இதே வகைப் பாம்பைக் கொண்டுவந்தார். வாலில் பழைய தோல் நூல் சுற்றியதுபோல் மூன்று வளையமாக நின்றிருந்தது. ஒவ்வொரு முறை உரிக்கும்போதும் ஒரு வளையம் மிச்சம் விழுந்து, காய்ந்து இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டது. அதற்குக் கீழே இருந்த பாகம் கறுத்து, காய்ந்த முருங்கைக்காய் முனை மாதிரி விறைத்திருந்தது. அதை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. உங்கள் பாம்பின் வால் நுனி கறுத்தாலோ வீங்கினாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கண்ணைத் தொடவே தொடாதீர்கள். கண் போய்விடவில்லை, பழைய கண்ணாடி ஒன்று மேலே ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். டேப் ஒட்டி எடுக்கலாம், இடுக்கியால் எடுக்கலாம் என்று மகனின் நண்பர்கள் யாராவது சொல்வார்கள். அடியில் இருக்கும் கண்ணாடியும் பெயர்ந்து வந்தால் கண் உண்மையிலேயே போய்விடும். ஈரம் சரியானால் அடுத்த உரிப்பில் இரண்டு கண்ணாடியும் சேர்ந்தே வந்துவிடும். அப்போதும் வராவிட்டால் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். இடையில் கண் வீங்கினாலோ அமுங்கிக் குழிந்தாலோ உடனே காட்டுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் அடியில் மிளகுத் தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் கிடக்கின்றனவா? கிடந்தால் அவை பாம்பு உண்ணிகள். அவற்றாலும் சட்டை சரியாக உரியாது. அதற்கு வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அடிப்பதோ அந்துருண்டை போடுவதோ பாம்பைக் கொன்றுவிடும்.

பாலும் முட்டையும் எலியும்

“பேரே பால்னு இருக்கே” என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயரில் இருப்பது ஆங்கில வார்த்தை, பந்து என்று பொருள். பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும் என்பதால் வந்த பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் பாம்பு இது. ஆடியில் புற்றுக்குப் பால் ஊற்றுவது நம் வழிபாடு, அதில் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் பாலைச் செரிக்கும் வயிறு எந்தப் பாம்புக்கும் இல்லை. நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமல் கிடந்த பாம்பு எதைக் கண்டாலும் குடிக்கும், பால் குடிக்கிறது என்று நாம் நினைப்பது அதைப் பார்த்துத்தான். நீங்கள் வாயைத் திறந்து ஊற்றியிருந்தால் இன்னும் மோசம். பாம்பின் மூச்சுக்குழல் வாய்க்குள் முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஊற்றுகிற பால் நேரே நுரையீரலுக்குப் போய் நிமோனியா வந்துவிடும். நல்லவேளை, என்னிடம் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தினீர்கள். முட்டையும் கோழிக்கறித் துண்டும்கூட வேண்டாம். எலும்பும் குடலும் சேர்ந்த முழு இரைதான் அதற்கு உணவு, வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து போதாது.

வயல் எலியை இனி வாங்காதீர்கள். அது எங்கே என்ன விஷம் தின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எலி மருந்து தின்ற எலியைத் தின்றால் பாம்பும் சாகும். அதைவிட, எந்த எலியானாலும் உயிரோடு இரவு முழுக்க விட்டுவைப்பது ஆபத்து. சட்டை உரிக்கும் பாம்பு மந்தமாகக் கிடக்கும், எலிக்குப் பசிக்கும். பாம்பின் முதுகைக் கொறித்து எலும்பு தெரியும்படி விட்ட எலிகள் உண்டு. உங்கள் பாம்பின் முதுகிலும் வாலடியிலும் காயம் இருக்கிறதா என்று இன்றே விளக்கு வைத்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். கடைசியாகச் சாப்பிட்ட அன்று 170 கிராம் என்று நோட்டில் இருப்பதாகவும், இப்போது 162 கிராம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நோட்டு எழுதும் பழக்கத்துக்காக உங்களை மனதாரப் பாராட்டுகிறேன். 18 நாளில் 8 கிராம் குறைவு என்றால் 5 சதவீதம்கூட இல்லை. அதிலும் ஒரு பங்கு வறட்சியால் போன தண்ணீர்தான். எடை 153 கிராமுக்குக் கீழே இறங்கினால், அதாவது 10 சதவீதம் குறைந்தால், அப்போது கவலைப்பட்டு மருத்துவரிடம் வாருங்கள். மூச்சில் விசில் சத்தம், வாயோரம் நுரை, வாயைத் திறந்தபடியே கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் எடையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கழுத்திலும் வாலிலும் உள்ள தோல் கழன்று, அப்புறம் இரண்டு நாள் சும்மா விட்டுவிட்டு இரை கொடுங்கள். கண்ணில் ஒட்டியிருப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்கலாம் என்பது கணக்கு. உங்கள் பாம்புக்கு 20 கிராம் அளவில் ஒரு வெள்ளைச் சுண்டெலி போதும். பாம்பின் உடம்பு எங்கே மிகப் பருமனோ அந்த அளவைத் தாண்டக் கூடாது. கொன்ற எலியாகவே வாங்குங்கள். உறைந்த எலி என்றால் உறையோடு முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, பிறகு உறையோடு வெந்நீரில் போட்டு, நம் உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். நடுவில் குளிர்ந்திருந்தால் பாம்பு கக்கிவிடும். மைக்ரோவேவ் வேண்டாம், எலி வெடிக்கும். இந்தப் பாம்புகளின் உதட்டோரம் வரிசையாக இருக்கும் குழிகள் சூட்டை உணர்பவை, கண் மங்கலாக இருந்தாலும் சூடான எலியை அது கண்டுபிடித்துவிடும். பொழுது சாய்ந்த பிறகு, நீளமான இடுக்கியில் பிடித்து மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பத்து நிமிடத்தில் எடுக்காவிட்டால் எலியை அப்புறப்படுத்திவிட்டு, ஐந்து நாள் கழித்து மறுபடி பாருங்கள். திரும்ப உறைய வைக்கக் கூடாது.

மாமியாரும் ஃபிரிட்ஜும்

தயிரும் பாலும் இருக்கிற ஃபிரிட்ஜில் எலியா என்று உங்கள் மாமியார் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் அவர் பக்கம்தான். பாம்பின் எச்சத்திலும் எலியிலும் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கும், பெரியவர்களுக்கு வயிற்றுப்போக்கோடு போய்விடலாம், முதியவர்களையும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் அது படுக்கையில் தள்ளிவிடும். நாத்தனார் மகளுக்கு மூன்று வயது என்கிறீர்கள். அவள் பாம்பைத் தொடவே வேண்டாம். எலியை வாரம் ஒன்றாக, இரை கொடுக்கும் நாளன்றே வாங்கிவர முடிந்தால் ஃபிரிட்ஜ் சண்டையே இல்லை. முடியாவிட்டால் இறுக மூடும் தகர டப்பாவும் தனித் தட்டும் அவசியம். பெட்டியையும் தண்ணீர்க் கிண்ணத்தையும் சமையலறைத் தொட்டியில் கழுவுவதாக எழுதியிருப்பதை இன்றோடு நிறுத்துங்கள். எடை பார்க்கும் தராசும் தனியாக இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

தோஷம் பற்றிப் பேச எனக்குப் படிப்பு இல்லை. ஒன்று மட்டும் அவரிடம் சொல்லிப் பாருங்கள். நம் ஊர் எல்லையையே ஒரு பாம்பு தன் வாலை வாயில் கவ்வி வளைத்துக் காட்டியதால்தான் இதற்கு ஆலவாய் என்று பெயர் வந்தது என்பது அவருக்கும் தெரிந்த கதையாகத்தான் இருக்கும்.

நாகமலையில் விடலாமா, போலீஸ் வருமா

விடக் கூடாது. ஆப்பிரிக்கப் பாம்பு, பெட்டியிலேயே பிறந்து வளர்ந்தது, நாகமலையில் ஒரு வாரம் தாங்காது. தாங்கினால் இன்னும் கெடுதல், அதன் நோயும் உண்ணியும் நம் ஊர்ப் பாம்புகளுக்குப் போகும். கோயில் புற்றிலும் விடக் கூடாது.

வெளிநாட்டுப் பாம்புக்குச் சட்டத்தில் தடையில்லை என்று மகன் சொன்னது பாதி சரி. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க முடியாது, சாரையானாலும் மலைப்பாம்பானாலும் குற்றம். வெளிநாட்டு இனங்கள் முன்பு இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. அதைத்தான் அவன் சொல்கிறான். 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சைட்டிஸ் என்னும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள உயிர்களும் இப்போது இதற்குள் வருகின்றன, பால் பைத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிர் கைக்கு வந்த 30 நாளுக்குள் பரிவேஷ் என்னும் ஒன்றிய அரசின் இணையதளம் வழியாகத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். கைமாற்றினாலும் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

உங்களுக்கு அந்த 30 நாள் தாண்டிவிட்டது. ஒளித்து வைப்பதும், யாருக்காவது ரகசியமாகக் கொடுத்துவிடுவதும் சிக்கலைப் பெரிதாக்கும். ஒரு வழக்கறிஞரிடம் கலந்து பேசிவிட்டு, ரசீதோடும் படத்தோடும் நீங்களே மாவட்ட வன அலுவலகத்துக்குப் போய்க் கேட்பதுதான் என் ஆலோசனை. விற்றவர் தந்த ரசீதில் இனத்தின் பெயர் இருக்கிறதா, அவரிடம் பதிவு இருந்ததா என்று மகனை உடனே விசாரிக்கச் சொல்லுங்கள். ரசீதில் பெயர் தெளிவாக இருப்பது வேறொரு விதத்திலும் முக்கியம், உங்கள் பாம்பைப் பார்ப்பவர் நம் மலைப்பாம்புக் குட்டி என்று புகார் கொடுத்துவிடக்கூடும்.

மகனிடம் இன்னொன்றும் பேச வேண்டும். இந்தப் பாம்பு 20, 30 ஆண்டு வாழும். நீங்கள் இப்போதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுவதாக எழுதியிருக்கிறீர்கள். படிப்பு முடிந்ததும் எடுத்துக்கொள்வானா, வேலைக்கு வெளியூர் போனால் என்ன செய்வான் என்று இந்த விடுமுறையிலேயே கேளுங்கள். அவனால் முடியாது என்றால், முறையாகப் பதிவு செய்து வளர்க்கும் ஒருவருக்கு, வனத்துறைக்குத் தெரிவித்துக் கைமாற்றுவதில் எந்தத் தவறும் இல்லை. பாம்பைத் தொட்டுப் பழகிய கை என்று தோட்டத்தில் கிடக்கும் எதையும் தூக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துத் தொட்டுக் கடிவாங்கியவர்கள் உண்டு. அப்படி ஏதாவது நடந்தால் கட்டுப்போடுவது, கீறுவது என்று நேரத்தைக் கடத்தாமல் நேரே அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மருத்துவரிடம் போக நேர்ந்தால், பாம்பு பார்ப்பவரா என்று முன்கூட்டியே போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பார்ப்பதில்லை, தேனி வீரபாண்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் கேட்டுப் பார்க்கலாம். துணிப்பைக்குள் பாம்பை விட்டு வாயைக் கட்டி, காற்றுத் துளையிட்ட டப்பாவுக்குள் வைத்து, காலை எட்டு மணிக்கு முன்பே புறப்படுங்கள், நிறுத்தி வைத்த காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். உரிந்த தோல் துண்டுகளையும் உங்கள் நோட்டையும் கையோடு கொண்டுபோங்கள்.